எடை இருக்கிறது, மூச்சு இருக்கிறதா? ஹெவிவெயிட் வீரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குத்துச்சண்டையில் மற்ற எடைப் பிரிவினருக்குத் தராசு ஒரு கண்டிப்பான வாத்தியார். லைட்வெயிட் வீரர் 61.2 கிலோவைத் தாண்டினால் பட்டத்துக்கே ஆபத்து. அதனால் தீபாவளிப் பலகாரத்தைக்கூட அவர் எண்ணித்தான் தின்ன வேண்டும். தொழில்முறை ஹெவிவெயிட்டில் அந்த வாத்தியார் இல்லை. 90.7 கிலோவுக்கு மேல் எவ்வளவு இருந்தாலும் மேடை ஏறலாம். இந்தப் பிரிவில் உடல் தயாரிப்பு கோணலாகப் போவதற்குப் பெரும்பாலும் இந்தச் சலுகைதான் காரணம்.

பட்டம் வந்ததும் பயிற்சியை விடுவது

1990 பிப்ரவரி 11 அன்று டோக்கியோவில், அதுவரை தோல்வியே அறியாத மைக் டைசனைப் பத்தாம் சுற்றில் வீழ்த்தினார் ஜேம்ஸ் 'பஸ்டர்' டக்ளஸ். அன்று அவர் எடை சுமார் 105 கிலோ. எட்டாம் சுற்றில் டைசனின் குத்தில் தரையைத் தொட்டவர், எழுந்து இன்னும் இரண்டு சுற்று ஆடி ஜெயித்தார். கால்களில் தெம்பு இல்லாதவருக்கு அது நடக்காது. அதே அக்டோபரில் இவாண்டர் ஹோலிஃபீல்டுக்கு எதிராக வந்தபோது அவர் ஏறக்குறைய 112 கிலோ. மூன்றாம் சுற்றில் விழுந்தவர் எழவில்லை. பட்டம் ஒன்பது மாதம்கூட அவரிடம் தங்கவில்லை.

ஆண்டி ரூயிஸின் கதை இதைவிடப் பாடம் நிறைந்தது. 2019 ஜூனில் நியூயார்க்கில் ஏழாம் சுற்றில் ஆண்டனி ஜோஷுவாவைச் சாய்த்தபோது அவர் எடை 121.6 கிலோ. தொப்பையைப் பார்த்துச் சிரித்தவர்கள் அவருடைய கைவேகத்தைப் பார்த்து வாயடைத்துப் போனார்கள். அது அவர் உடல் பழகிய எடை. அந்த எடையில் அவருக்கு மூச்சு தாக்குப்பிடித்தது. ஆறு மாதம் கழித்து, சவூதி அரேபியாவின் திரியாவில் நடந்த மறுபோட்டிக்கு 128.6 கிலோவில் வந்தார். பன்னிரண்டு சுற்றும் ஜோஷுவாவைத் துரத்தினார், பிடிக்க முடியவில்லை. கொண்டாட்டத்தில் நாட்களை விட்டுவிட்டதாகப் பிறகு அவரே ஒப்புக்கொண்டார். போட்டி அறிவிப்பு வந்த பிறகு பத்து வாரத்தில் எல்லாவற்றையும் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தால், அந்தப் பத்து வாரமும் கொழுப்பைக் கரைக்கவே போய்விடும். ஆட்டத்தைக் கூர்மையாக்க நாள் மிஞ்சாது.

தராசு குறைந்தால் தயார் என்று நம்புவது

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு, அதில் சிக்கியவர் முகமது அலி. 1980-இன் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து காட்சிப் போட்டியில் இறங்கினாரே, அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று லாரி ஹோம்ஸை எதிர்த்து லாஸ் வேகஸில் மேடை ஏறினார். வயது 38. எடை 99 கிலோவுக்கும் கீழே. நரையை மறைத்துத் தலைக்குக் கறுப்புச் சாயம் பூசியிருந்தார். பார்த்தவர்களுக்குப் பழைய அலி திரும்பிவிட்டதாகவே தோன்றியது. அந்த இளைப்பில் தைராய்டு மருந்துக்கும் பங்கு இருந்தது; அதை அவர் அளவுக்கு மீறிச் சாப்பிட்டிருந்தார். அந்த மருந்து மிகும்போது கொழுப்போடு தசையும் கரையும், உடல் சூட்டைத் தாங்காது. மேடையில் அவருக்குக் கை எழவில்லை, கால் நகரவில்லை. பத்தாம் சுற்று முடிந்ததும் பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி சண்டையை நிறுத்திவிட்டார்.

மருந்து, வியர்வைச் சட்டை, பட்டினி என எந்தக் குறுக்குவழியில் எடை குறைந்தாலும் விலை இதுதான். இன்னும் விசித்திரம், ஹெவிவெயிட் வீரரை எடை குறைக்கச் சொல்லி எந்த விதியும் கட்டாயப்படுத்துவதே இல்லை.

ஆணழகன் போட்டிக்குத் தயாராவது

தசைக்குத் தீனி ஆக்ஸிஜன். பெருத்த தோளும் புஜமும் ஒவ்வொரு குத்துக்கும் தம் பங்கைக் கேட்கும். இதயம் அதே பழைய இதயம்தான். 2017 ஏப்ரலில் வெம்ப்ளியில் 113 கிலோ கட்டுமஸ்தான உடலோடு வந்த ஜோஷுவா, ஐந்தாம் சுற்றில் 41 வயது விளாதிமிர் கிளிட்ஸ்கோவை விழவைத்து, முடித்துவிடும் வேகத்தில் குத்துகளைக் கொட்டினார். அந்தச் சுற்று முடிவதற்குள் மூச்சு தீர்ந்துபோனது அவருக்கு. ஆறாம் சுற்றில் அவரே தரையில் கிடந்தார். பிறகு தேறி, பதினொன்றாம் சுற்றில் வென்றது அவருடைய மனத்திடம். ரூயிஸுடனான மறுபோட்டிக்கு அவர் முதல் சண்டையைவிட நாலரைக் கிலோ குறைவாக வந்தார். எதிராளி ஏறியிருக்க, இவர் இறங்கியிருந்தார்.

காலை ஓட்டமே போதும் என்பது

வெடிப்பான குத்துக்குத் தசையில் தயாராக இருக்கும் எரிபொருள் சுமார் பத்து விநாடிக்குத்தான் வரும். அதை மறுபடி நிரப்புவது ஆக்ஸிஜனின் வேலை. மூன்று நிமிடச் சுற்று முடிந்து முக்காலியில் உட்காரும் ஒரு நிமிடத்தில் எவ்வளவு நிரம்புகிறது என்பதை இதயமும் நுரையீரலும் தீர்மானிக்கின்றன. நிதானமான நெடுந்தூர ஓட்டம் அடித்தளம் போடும். அதற்கு மேல் வேக ஓட்டமும் ஓய்வும் மாறிமாறி வரும் பயிற்சி வேண்டும். அதோடு, 115 கிலோ ஆள் தினமும் தார்ச்சாலையில் பத்து கிலோமீட்டர் ஓடினால் முழங்கால் கணக்குக் கேட்கும். நீச்சலும் சைக்கிளும் அந்தப் பாரத்தை வாங்கிக்கொள்ளும். 2024 மே மாதம் ரியாத்தில் தன்னைவிட ஏறத்தாழ 18 கிலோ கூடுதலான டைசன் ஃப்யூரியை ஒன்பதாம் சுற்றில் தடுமாறவைத்த ஒலெக்சாண்டர் உசிக், நீச்சலுக்குப் பேர்போனவர்.

குத்து ஒன்றை நம்பி இருப்பது

1974-இல் அலியுடன் மோத ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகருக்கு வந்த ஜார்ஜ் ஃபோர்மேன் அதற்கு முந்தைய மூன்று சண்டைகளையும் சேர்த்து ஐந்து சுற்றுகூட முழுதாக ஆடவில்லை: ஃப்ரேசியர் இரண்டாவதில், ரோமன் முதலாவதில், நார்டன் இரண்டாவதில் விழுந்திருந்தார்கள். அலி கயிற்றில் சாய்ந்துகொண்டு, அடி என்று உடலைக் கொடுத்தார். வெப்பத்தில் அடித்து அடித்தே ஓய்ந்தார் ஃபோர்மேன். எட்டாம் சுற்றில் அவரை வீழ்த்த நான்கைந்து குத்துகள் போதுமாக இருந்தன. வலது கையில் இடி இருப்பவர்தான் பன்னிரண்டு சுற்றுக்கும் தம் கட்டிப் பழக வேண்டும். அந்த இடி இறங்காத நாளில் அவரிடம் வேறு திட்டம் இருப்பதில்லை.

ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை, ஆடியே உடலைத் தேற்றலாம் என்பதும் இதே குடும்பத்துத் தவறு. தலைக்கு வாங்கும் அடியை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். கழுத்துப் பயிற்சியை விட்டுவிடுவது இன்னொன்று.

தாமதமாகப் போய் இறங்குவது

2001 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவின் பிராக்பன் நகரில் லெனாக்ஸ் லூயிஸ் ஹசீம் ரஹ்மானைச் சந்தித்தார். கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேலுள்ள இடம், காற்றே மெலிந்திருக்கும். ரஹ்மான் சீக்கிரமே போய் உடலைப் பழக்கிக்கொண்டார். படப்பிடிப்பு ஒன்றில் நடித்துவிட்டு லூயிஸ் இரண்டு வாரத்துக்கும் குறைவான அவகாசத்தில், 115 கிலோவில் போய் இறங்கினார். ஐந்தாம் சுற்றில் வாய்பிளந்து மூச்சு வாங்கியபடி கயிற்றோரம் நின்றவரை ஒரே வலதுகைக் குத்து சாய்த்தது. நவம்பரில் லாஸ் வேகஸில் மறுபோட்டி. மூன்று கிலோ குறைத்துக்கொண்டு வந்த லூயிஸ், நான்காம் சுற்றில் பட்டத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.