அவிசாவளைக்கு ஒரு நாள் பயணம்

கொழும்புக்குக் கிழக்கே, மலைநாட்டின் அடிவாரத்தில் அமைந்துள்ள அவிசாவளை, 1521இல் மாயாதுன்னை நிறுவிய சீதாவாக்கை இராச்சியத்தின் தலைநகராக விளங்கிய இடமாகும். கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையத்திலிருந்து களனிவெளிப் பாதையில் செல்லும் ரயில் மெதுவாகவே போகும். நேரம் குறைவாயின் புறக்கோட்டையில் பேருந்து ஏறலாம்.

முதலில் பெரெண்டி கோயிலுக்குச் செல்லுங்கள். சைவத்தைத் தழுவிய சீதாவாக்கை மன்னன் முதலாம் இராஜசிங்கன் பைரவருக்காக எழுப்பியதாகக் கூறப்படும் அக்கோயிலில் இன்று கருங்கல் அடித்தளமும் செதுக்கிய சுவர்ப்பகுதிகளுமே எஞ்சியிருப்பினும், அவற்றின் வேலைப்பாட்டை நின்று நிதானமாகப் பார்க்க ஒரு மணி நேரமாவது வேண்டும். நம் பிள்ளைகளை அவசியம் உடன் அழைத்துச் செல்லுங்கள். சைவம் இங்கும் வேரூன்றியிருந்ததை அவர்கள் நேரில் காணட்டும்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் கற்கள் வழுக்கும் என்பதால், ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் காலையிலேயே புறப்படுவது நல்லது.