நல்ல பள்ளி எல்லைக்குள் வீடு: அமெரிக்காவில் எங்கெங்கே கோட்டைவிடுகிறோம்

6 லட்சம் டாலர் இருந்தால் டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில் நான்கு படுக்கையறைத் தனி வீடு பார்க்கலாம். கலிஃபோர்னியாவின் கூப்பர்டினோவில் அதே பணத்துக்கு ஒரு படுக்கையறை காண்டோ அமைந்தாலே பெரிது. நியூ ஜெர்சியின் எடிசன் பக்கம் போனால் பழைய வீடோ டவுன்ஹவுஸோ வரும். மூன்று ஊர்ப் பள்ளிகளுக்கும் நல்ல பெயர், மூன்றிலும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். இந்த விலைகளை மட்டும் அருகருகே வைத்து ‘அங்கே மலிவு, இங்கே கொள்ளை’ என்று முடிவு கட்டும்போதே சறுக்கல் தொடங்கிவிடுகிறது. பள்ளிக்காக வீடு வாங்குகிறவர் கட்டடத்தோடு சேர்த்து ஒரு பள்ளி எல்லைக்குள் முகவரியையும், ஆண்டுதோறும் கட்டவேண்டிய சொத்துவரியையும் வாங்குகிறார். விளம்பரத்தில் தெரிவது கட்டடத்தின் விலைதான். மற்ற இரண்டின் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம், சில இடங்களில் தெருவுக்குத் தெரு மாறும்.

ஊர்ப்பெயரை நம்பி முன்பணம் கொடுப்பது

முகவரியில் வரும் ஊர்ப்பெயர் தபால்துறை வைத்தது. பள்ளி மாவட்டத்தின் (அதாவது பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகத்தின்) எல்லைக்கும் அதற்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. நியூ ஜெர்சியில் ‘பிரின்ஸ்டன்’ என்ற ஊர்ப்பெயரும் 08540 என்ற அஞ்சல் குறியீடும் முகவரியில் இருக்கும் வீடுகளில் சில, லாரன்ஸ், வெஸ்ட் வின்ட்சர், சவுத் பிரன்ஸ்விக் போன்ற பக்கத்து நகராட்சிகளில் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் அந்தந்த மாவட்டப் பள்ளிகளுக்குத்தான் போக முடியும். இதற்கு நேர்மாறாக, கிரான்பரி என்ற சிற்றூரில் உயர்நிலைப் பள்ளியே இல்லை. அந்த ஊர்ப் பிள்ளைகள் இரு மாவட்டங்களுக்கு இடையிலான ஏற்பாட்டின்படி பிரின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறார்கள். 564 நகராட்சிகள் உள்ள மாநிலத்தில் இப்படிப்பட்ட பின்னல்கள் சகஜம்.

கலிஃபோர்னியாவில் குழப்பம் வேறு மாதிரி. கூப்பர்டினோ பகுதியில் தொடக்க, நடுநிலைப் பள்ளிகள் ஒரு மாவட்டம், உயர்நிலைப் பள்ளிகள் இன்னொரு மாவட்டம். அந்த உயர்நிலை மாவட்டத்தின் பெயர் ஃபிரீமான்ட் யூனியன். வளைகுடாவுக்கு அக்கரையில் இருக்கும் ஃபிரீமான்ட் நகரத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்த நகரத்தின் பள்ளிகளை நடத்துவது ஃபிரீமான்ட் யூனிஃபைட். ஃபிரீமான்ட் ஹை ஸ்கூல் என்ற பள்ளி இருப்பதோ சன்னிவேலில். இன்னொரு பக்கம், சான் ஹோசே முகவரியோடு இருந்தும் லின்புரூக் உயர்நிலைப் பள்ளி எல்லைக்குள் வரும் வீடுகள் உண்டு, விலையும் அதற்கேற்பத்தான் இருக்கும்.

ஃபிரிஸ்கோ நகரத்தின் சில பகுதிகள் லூயிஸ்வில், பிராஸ்பர், லிட்டில் எல்ம் மாவட்டங்களில் விழுகின்றன. பிளேனோ, மெக்கின்னி நகரங்களின் சில பகுதிகள் ஃபிரிஸ்கோ மாவட்டத்துக்குள் வருகின்றன. சிகாகோ அருகே நேப்பர்வில் பெரும்பாலும் 203, 204 என்று இரு மாவட்டங்களாகப் பிரிந்து கிடக்கிறது. அட்லாண்டாவுக்கு வடக்கே ஆல்ஃபரெட்டா என்று முகவரி இருக்கும் வீடு ஃபல்டன் கவுன்ட்டியிலும் இருக்கலாம், ஃபோர்சைத்திலும் இருக்கலாம். பள்ளியும் வேறு, வரியும் வேறு.

எனவே வீட்டு எண்ணோடு முழு முகவரியையும் பள்ளி மாவட்டத்தின் சொந்தத் தளத்தில் இட்டுப் பாருங்கள். பிறகு சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி மூன்று கேள்வி கேளுங்கள். வரும் கல்வியாண்டில் இந்த முகவரிக்குரிய தொடக்க, நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் எவை? என் பிள்ளையின் வகுப்பில் இடம் இருக்கிறதா? எல்லை மாற்றமோ பள்ளி மூடலோ பரிசீலனையில் இருக்கிறதா? பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். விற்பனை விளம்பரத்தில் போட்டிருக்கும் பள்ளிப் பெயருக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. ரியல்டரிடம், அதாவது வீட்டுத் தரகரிடம், ‘நல்ல பள்ளியா?’ என்று கேட்டாலும் பலர் நழுவுவார்கள். அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இனம், மதம் பார்த்து வாடிக்கையாளரை ஒரு பகுதிக்குத் திருப்பிவிடுவதை 1968-ஆம் ஆண்டின் நியாய வீட்டுவசதிச் சட்டம் தடுக்கிறது. பள்ளியைப் பற்றிய பேச்சும் அதில் சிக்கிவிடும் என்று அவர்கள் எச்சரிக்கையாக இருக்கிறார்கள்.

எல்லைக்குள் வந்தாலே இடம் உறுதி என்று நினைப்பது

வட கரோலினாவில் கேரி, ஏபெக்ஸ், மோரிஸ்வில் எல்லாமே வேக் கவுன்ட்டியின் ஒரே பெரிய மாவட்டத்துக்குள் அடங்கும். அங்கே கூட்டம் மிகுந்த பள்ளிகளுக்குச் சேர்க்கை உச்சவரம்பு போடுகிறார்கள். அது நடைமுறைக்கு வந்த பிறகு குடிவருகிற குடும்பத்தின் பிள்ளைக்கு வேறொரு மாற்றுப் பள்ளி ஒதுக்கப்படும். பள்ளிக்கு எதிர்வீட்டை வாங்கியவருக்கும் இதே விதிதான். வாங்கும் முன்பே அந்தப் பள்ளிக்கு உச்சவரம்பு உண்டா, மாற்றுப் பள்ளி எது என்று பாருங்கள். அந்த மாற்றுப் பள்ளியும் உங்களுக்குச் சம்மதமாக இருந்தால் மட்டும் மேலே போங்கள்.

எல்லைக் கோடும் கல்வெட்டு அல்ல. வளரும் ஊர்களில் புதுப்பள்ளி கட்டும்போதெல்லாம் கோட்டை மாற்றி வரைவார்கள். வளர்ந்து முடிந்த ஊர்களிலோ பிள்ளைகள் குறைவதால் பள்ளியே மூடப்படுகிறது. கூப்பர்டினோ மாவட்டத்தில் 2022-இல் தொடக்கப் பள்ளிகள் மூடப்பட்டன. பிளேனோ மாவட்டம் நான்கு பள்ளிகளை மூட 2024-இல் முடிவெடுத்தது. பள்ளியின் பெயரால் விலை ஏறுகிறது, ஏறிய விலையில் சின்னப் பிள்ளைகள் உள்ள இளம் குடும்பங்கள் வர முடியவில்லை, வகுப்பு காலியாகிறது. அதிக விலை கொடுத்து வாங்குமுன் அந்தத் தொடக்கப் பள்ளியின் ஐந்தாண்டு மாணவர் எண்ணிக்கையைப் பாருங்கள். ஆண்டுக்காண்டு இறங்கிக்கொண்டே போனால் மாவட்ட வாரியத்தின் கூட்டக் குறிப்புகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

வரியைக் கணக்கில் சேர்க்காதது

நடுத்தரக் குடும்பம் அதிகம் அடிபடும் இடம் இதுதான். 6 லட்சம் டாலர் வீடு, 20 சதவீதம் முன்பணம், 4,80,000 டாலர் கடன், வட்டி 6.5 சதவீதம், 30 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 3,034 டாலர். எந்த மாநிலத்திலும் இதில் மாற்றமில்லை. மொத்த வரி 2 சதவீதம் வரும் இடத்தில் அதன்மேல் மாதம் 1,000 டாலர் ஏறும். 0.9 சதவீதம் வரும் இடத்தில் 450 டாலர்தான். இந்த 550 டாலர் வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் போட்டால், வரி குறைந்த ஊரில் சுமார் 78,000 டாலர் கூடுதல் விலையுள்ள வீட்டையே அதே மாதச் செலவில் தாங்க முடியும். விலைப்பட்டியலில் மலிவாகத் தெரிந்த ஊர் இந்த இடத்தில் மலிவாக இருக்காது.

டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது, அதனால் சொத்துவரி கனம். புதிய குடியிருப்புகளில் குடிநீர், கழிவுநீர் அமைத்த கடனை அடைக்க எம்.யூ.டி. வரியும் சேரும். பக்கத்துப் பக்கத்துக் குடியிருப்புகளுக்குள்ளேயே அரை சதவீதத்துக்கு மேல் வேறுபாடு வருவது இதனால்தான். சொந்தக் குடியிருப்புக்கான ஹோம்ஸ்டெட் விலக்குக்கு விண்ணப்பிக்கத் தவறாதீர்கள். பள்ளி வரிக்கான இந்த விலக்கு 2023-இல் 1 லட்சம் டாலராகவும், 2025-இல் 1,40,000 டாலராகவும் உயர்ந்தது. விலக்கு பெற்ற வீட்டின் வரிமதிப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்ற வரம்பும் உண்டு. ஆனால் வீடு கைமாறியதும் பழைய உரிமையாளர் அனுபவித்த வரம்பு போய்விடும். அவர் கட்டிய தொகையைப் பார்த்து உங்கள் வரியை மதிப்பிடாதீர்கள்.

புதுவீட்டில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. டெக்சாஸில் ஜனவரி 1-ஆம் தேதி சொத்து எந்த நிலையில் இருந்ததோ அதற்குத்தான் அந்த ஆண்டு வரி. அன்று வெறும் மனையாக இருந்திருந்தால் முதல் பில் சின்னதாக வரும். 1,20,000 டாலர் மனைக்கு 2 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 2,400. கடன் நிறுவனம் எஸ்க்ரோவில் (வரி கட்டுவதற்காகத் தவணையோடு பிடித்து வைக்கும் கணக்கில்) மாதம் 200 டாலர் பிடிக்கும். அடுத்த ஆண்டு வீடு முழுமதிப்பில் ஏறி பில் 12,000 ஆகிவிடும். மாதம் 1,000 தேவை. பற்றாக்குறை 9,600-ஐ 12 மாதத்தில் வசூலிக்க இன்னொரு 800. மாதச் செலவு ஒரே கடிதத்தில் 1,600 டாலர் எகிறும். வீடு உங்கள் பெயருக்கு மாறும் கிளோசிங்கின்போதே எஸ்க்ரோவை முழுமதிப்புக்குக் கணக்கிடச் சொல்லுங்கள். அவர்கள் மறுத்தால் மாதம் 800 டாலரைத் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள்.

கலிஃபோர்னியாவில் 1978-ஆம் ஆண்டின் 13-ஆம் முன்மொழிவுப்படி அடிப்படை வரி 1 சதவீதம். வரிமதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. உள்ளூர்ப் பத்திரக் கடன்களுக்கான வரியையும் சேர்த்தால் பல இடங்களில் 1.2 சதவீதம் வாக்கில் வரும். 30 ஆண்டாக அதே வீட்டில் இருப்பவர் கட்டும் வரி சொற்பம். நீங்கள் கட்டப்போவது வாங்கிய விலைக்கு. மதிப்பு மாறியதற்கான துணைவரி பில் சில மாதம் கழித்துத் தனியாக உங்கள் பெயருக்கே வரும். பெரும்பாலும் எஸ்க்ரோவிலிருந்து அது கட்டப்படாது. புதிய குடியிருப்புகளில் மெல்லோ-ரூஸ் என்ற சிறப்பு வரி உண்டா என்றும் கேளுங்கள்.

நியூ ஜெர்சியில் வீட்டின் சராசரி ஆண்டு வரியே 2024-இல் 10,000 டாலரைத் தாண்டிவிட்டது. மாநில, உள்ளூர் வரிகளுக்கான கூட்டரசு வருமான வரிக் கழிவின் உச்சவரம்பு 10,000 டாலராக இருந்து 2025-இல் 40,000 ஆக உயர்ந்ததில் இந்த ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. சுமார் 5 லட்சம் டாலருக்கு மேல் வருமானம் இருந்தால் அது படிப்படியாகக் குறையும்.

வரி அதிகமென்றால் பள்ளிக்கு அத்தனையும் போய்ச் சேரும் என்றும் எண்ண வேண்டாம். டெக்சாஸில் 1993 முதல் சொத்துவளம் மிகுந்த மாவட்டங்களின் பள்ளி வரியில் ஒரு பங்கை மாநிலம் மற்ற மாவட்டங்களுக்காக எடுத்துக்கொள்கிறது.

10-க்கு 10 ரேட்டிங்கைத் துரத்துவது

தளங்களில் வரும் 1 முதல் 10 வரையான எண்ணில் தேர்வு மதிப்பெண்ணுக்குப் பெரும்பங்கு உண்டு. தேர்வு மதிப்பெண் பெற்றோரின் வருமானத்தையும் படிப்பையும் நிழல்போல் தொடரும். பள்ளி என்ன கற்றுக்கொடுத்தது என்பதை அறிய, ஒரே மாணவர் ஓராண்டில் எவ்வளவு முன்னேறினார் என்ற வளர்ச்சி அளவைப் பாருங்கள். மொத்தத்தில் 7 வாங்கி வளர்ச்சியில் 9 வாங்கிய பள்ளியின் எல்லையில் வீட்டுவிலை பெரும்பாலும் கணிசமாகக் குறைந்திருக்கும்.

பாஸ்டன் புறநகர்களில் எல்லைக்கோட்டின் இருபுறமும் உள்ள வீடுகளை மட்டும் ஒப்பிட்டு, பொருளியலாளர் சான்ட்ரா பிளாக் 1999-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடினால் வீட்டுக்குப் பெற்றோர் 2.5 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்பது அவர் கண்ட முடிவு. ‘பள்ளிக்காக’ என்று சொல்லி இதைவிடப் பல மடங்கு விலை கேட்டால், அதில் பெரும்பகுதி மனையின் அளவு, தெரு, வேலைக்குப் போகும் தூரம் போன்றவற்றுக்கான விலையாக இருக்கும்.

உயர்நிலைப் பள்ளி வயதுப் பிள்ளை இருந்தால் டெக்சாஸில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். வகுப்பில் முதல் 10 சதவீதத்துக்குள் வருபவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாக இடம் தரும் சட்டம் 1997-இல் வந்தது. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் 2026 சேர்க்கைக்கு இதை முதல் 5 சதவீதமாக இறுக்கிவிட்டது. எல்லாருமே முதல் தரமாக இருக்கும் பள்ளியில் உங்கள் பிள்ளை 15-ஆவது சதவீதத்தில் நிற்கலாம். அந்த நெருக்கடியைப் பிள்ளை எப்படித் தாங்குவார் என்பதையும் சேர்த்து எடைபோடுங்கள்.

வாடகை என்ற வழியையே மறந்துவிடுவது

பள்ளி கேட்பது குடியிருப்புச் சான்று, சொந்தப் பத்திரம் அல்ல. வாடகை ஒப்பந்தமும் மின்கட்டண ரசீதும் இருந்தால் சொந்த வீட்டுக்காரரின் பிள்ளைக்கு உள்ள அதே உரிமை உங்கள் பிள்ளைக்கும் உண்டு. சிலிக்கன் பள்ளத்தாக்கில் 18 லட்சம் டாலர் வீட்டுக்கு 20 சதவீதம் முன்பணம் கொடுத்தாலும் மேலே சொன்ன வட்டியில் தவணை 9,100, வரி 1,800 என மாதம் 10,900 டாலர் போகும், காப்பீடு தனி. அதே எல்லைக்குள் இரண்டு படுக்கையறை அபார்ட்மென்ட் வாடகை பொதுவாக இதில் பாதிகூட வராது. டாலஸ், வட கரோலினாவின் ராலி பக்கம் இந்த இடைவெளி சுருங்கிவிடுவதால் ஏழெட்டு ஆண்டு தங்குவதாக இருந்தால் வாங்குவது பொருந்தலாம். ஹெச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு எங்கள் கருத்து உறுதியானது: வேலை போனால் கிடைக்கும் அவகாசம் அதிகபட்சம் 60 நாள், வீட்டை விற்பதற்கே விலையில் 6 முதல் 8 சதவீதம் கரையும். எனவே ஊருக்குப் புதிது என்றால் ஓராண்டாவது எல்லைக்குள் வாடகைக்கு இருந்து பாருங்கள். உறவினர் முகவரியைக் கொடுத்துச் சேர்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். தெரியவந்தால் நடு ஆண்டில் பிள்ளையை நீக்குவார்கள்.

பேருந்தையும் கேட்டுவிடுங்கள். நியூ ஜெர்சியில் தொடக்க, நடுநிலைப் பிள்ளைகள் 2 மைலுக்கு அப்பாலும், உயர்நிலைப் பிள்ளைகள் 2.5 மைலுக்கு அப்பாலும் இருந்தால் மாவட்டம் வண்டி விட்டாக வேண்டும். கலிஃபோர்னியாவில் பல மாவட்டங்களில் பொதுவான பள்ளிப் பேருந்தே இல்லை.

இந்தச் சோதனைகளுக்கெல்லாம் காலக்கெடு உண்டு. டெக்சாஸில் சிறு கட்டணம் கொடுத்துப் பெறும் ஆப்ஷன் காலம் (ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ளும் அவகாசம்) பெரும்பாலும் 7 முதல் 10 நாள். நியூ ஜெர்சியில் வழக்கறிஞர் பரிசீலனைக்கு 3 வேலைநாள். கலிஃபோர்னியாவின் வழக்கமான ஒப்பந்தப் படிவத்தில் விசாரணைக்கு 17 நாள். பள்ளி அலுவலகம் கோடை விடுமுறையில் மின்னஞ்சலுக்குத் தாமதமாகப் பதிலளிக்கும், சில நேரம் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். ஜூன், ஜூலையில் வீடு பார்ப்பவர்கள் ஆஃபர் போடுவதற்கு முன்பே அந்த மூன்று கேள்விகளையும் அனுப்பிவிட வேண்டும்.