சைக்கிள் வாங்கும் முன் ஓட்டிப் பார்ப்பது எப்படி?

கடைக்குள் நுழைந்ததும் நிறத்தைப் பார்ப்போம். மணியை ஒருமுறை அடிப்போம். டயரைக் கட்டைவிரலால் அழுத்துவோம். வாசலில் ஒரு ரவுண்டு அடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று பணத்தை எடுத்துவிடுவோம். என் முதல் கியர் சைக்கிளை நான் இப்படித்தான் வாங்கினேன். இரண்டே வாரத்தில் உள்ளங்கை மரத்துப்போக ஆரம்பித்தது. கையுறை வாங்கினேன், கைப்பிடி உறையை மாற்றினேன், சீட்டையும் மாற்றினேன். கடைசியில்தான் தெரிந்தது, பிரேமே எனக்கு ஓர் அளவு பெரியது என்று. அதை மட்டும் மாற்ற வழியில்லை.

அதனால் ஓட்டிப் பார்க்கும்போது உறுத்துகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது பிறகு சரிசெய்யக்கூடியதா, இல்லையா? சீட், பெடல், டயர், கைப்பிடி எல்லாம் பிறகு மாற்றிக்கொள்ளலாம். பிரேம் அளவு அப்படியில்லை.

கிளம்பும் முன்

தினமும் எந்தச் செருப்போ ஷூவோ போட்டு ஓட்டப்போகிறீர்களோ, அதையே போட்டுக்கொண்டு போங்கள். முதுகில் பை மாட்டி ஓட்டுகிறவர் என்றால் பையும் வரட்டும். கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போனால் கடைக்காரரும் பொறுமையாக இருப்பார். ஓட்டும்போது கீழே விழுந்து கீறல் பட்டால் யார் பொறுப்பு என்பதை ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள்.

படி 1: நின்றபடி அளவு பாருங்கள்

சீட்டுக்கு முன்னால், மேல் பாருக்கு இருபுறமும் கால் போட்டு, பாதம் முழுவதும் தரையில் பட நில்லுங்கள். பாருக்கும் உங்களுக்கும் நடுவில் 2 முதல் 5 செ.மீ. இடைவெளி இருந்தால் சாதாரணச் சாலை சைக்கிளுக்குப் போதும். கரடுமுரடான பாதைக்கான சைக்கிள் என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். பார் மிகவும் சரிந்திருந்தாலோ, பாரே இல்லாத மாடலாக இருந்தாலோ இந்தச் சோதனையால் ஒன்றும் தெரியாது. அங்கே சீட்டிலிருந்து ஹேண்டில்பார் எவ்வளவு தூரம் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

படி 2: சீட் உயரத்தைச் சரிசெய்யாமல் மிதிக்காதீர்கள்

பலர் ஏமாறும் இடம் இதுதான். சீட் தாழ்ந்திருந்தால் நல்ல சைக்கிளும் பாரமாகத் தெரியும். சீட் சரியாக அமைந்துவிட்டால் சுமாரான சைக்கிளும் பறப்பதுபோல இருக்கும். இரண்டு சைக்கிளை ஒப்பிடுவதாக நினைத்துக்கொண்டு இரண்டு சீட் உயரங்களை ஒப்பிட்டுவிட்டு வருகிறோம்.

எளிய வழி ஒன்று உண்டு. யாரையாவது சைக்கிளைப் பிடிக்கச் சொல்லி சீட்டில் உட்காருங்கள். பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். இப்போது குதிகாலை எடுத்துவிட்டு முன்பாதத்தை வைத்தால் முழங்கால் லேசாக மடங்கும். அதுதான் உயரம்.

கணக்கு பிடித்தவர்களுக்கு: சுவரை ஒட்டி நின்று, ஒரு புத்தகத்தைத் தொடைகளுக்கு நடுவில் நன்றாக மேலே ஏற்றிப் பிடித்து, அதன் மேல்விளிம்பு வரை தரையிலிருந்து அளந்துகொள்ளுங்கள். அதை 0.883 ஆல் பெருக்குங்கள். 80 செ.மீ. என்றால் 70.6 வரும். பெடல் தண்டு சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இந்தத் தூரம் இருக்க வேண்டும். இது தொடக்கப்புள்ளிதான், முன்பின்னாகக் கொஞ்சம் மாறலாம்.

"உட்கார்ந்தால் கால் தரையில் முழுசாக ஊன்றவில்லையே" என்று பயப்படாதீர்கள். ஊன்றக் கூடாது, விரல் நுனி பட்டால் போதும். நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கித்தான் நிற்க வேண்டும். பயமாக இருந்தால் முதல் இரண்டு நிமிடம் சீட்டைத் தாழ்த்தி ஓட்டிவிட்டு அப்புறம் ஏற்றிக்கொள்ளுங்கள். சீட் கம்பியில் ஓர் எல்லைக்கோடு இருக்கும். உங்களுக்கான உயரத்துக்கு ஏற்றும்போது அந்தக் கோடு வெளியே தெரிந்தால் அந்தப் பிரேம் உங்களுக்குச் சிறியது.

படி 3: ஐந்து நிமிடப் பரிசோதனை

டயரின் பக்கவாட்டில் எவ்வளவு காற்று அடிக்கலாம் என்று அச்சிட்டிருக்கும். அந்த வரம்புக்குள் அடிக்கச் சொல்லுங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டைக்கு நடுவில் ரிம் இடம் வலம் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் கோட்டம். புது சைக்கிள் என்றாலும் கோட்டம் எடுத்துத் தரச் சொல்வதில் தவறில்லை.

முன் பிரேக்கைப் பிடித்தபடி சைக்கிளை முன்னும் பின்னும் அசையுங்கள். ஹேண்டில்பார் கழுத்தில் 'டக் டக்' என்று ஆட்டம் தெரிந்தால் இறுக்க வேண்டும். பெடல் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், அங்கேயும் ஆட்டம் கூடாது. முன்பிரேக் லீவர் எந்தக் கையில் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நாட்டுக்கு நாடு இது மாறும். பழகிய கையில் பின்பிரேக் என்று நினைத்து முன்பிரேக்கை அழுத்தினால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை.

படி 4: இப்போது ஓட்டுங்கள்

15, 20 நிமிடமாவது ஓட்டுங்கள். உடம்பு உண்மையைச் சொல்ல அவ்வளவு நேரமாகும்.

முதலில் சமதளத்தில் மெதுவாக. நடக்கும் வேகத்தில் இறுக்கமாக ஒரு திருப்பம் எடுங்கள். பாதம் முன்சக்கரத்தில் இடிக்கிறதா? சிறிய பிரேம்களில் இது நடக்கும். கவனத்தோடு ஓட்டிச் சமாளிக்கிறவர்கள் உண்டு, ஆனால் புதிதாக ஓட்டுகிறவருக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பிறகு பிரேக். இரண்டையும் சேர்த்து, சிறுகச் சிறுக அழுத்துங்கள். நிறுத்தும் பலம் பெரும்பாலும் முன்பிரேக்கில்தான் இருக்கிறது. அதனால்தான் அதை மட்டும் திடீரென்று இறுக்கக் கூடாது. புது டிஸ்க் பிரேக் முதலில் மந்தமாகப் பிடிக்கும், சில சமயம் கீச்சிடும். அதை வைத்து சைக்கிளை ஒதுக்கிவிடாதீர்கள். வேகமெடுத்து, முழுதாக நிற்காமல் மெதுவாக்கி, இப்படி 20 தடவை போலச் செய்தபின் பிடி சரியாகும். சக்கரத்தோடு சுழலும் அந்த டிஸ்க் தகட்டை மட்டும் விரலால் தொடாதீர்கள், விரலின் எண்ணெய்ப் பசையே பிடியைக் கெடுக்கும்.

கியரை ஒவ்வொன்றாக மாற்றுங்கள், மாற்றும்போது மிதிக்கும் அழுத்தத்தைக் குறையுங்கள். கியர் தயங்கித் தாவினால் கேபிளின் இறுக்கத்தைச் சற்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒரு மேட்டில் ஏறுங்கள். உள்ளதிலேயே லேசான கியரிலும் மூச்சு முட்டினால், உங்கள் வழியில் மேடுகள் அதிகம் இருந்தால், அந்த கியர் அமைப்பு உங்களுக்கானதல்ல.

படி 5: உடம்பு என்ன சொல்கிறது?

முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கலாம். பின்பக்கம் இழுத்தாலோ, மிதிக்கும்போது இடுப்பு இடம் வலமாக ஆடினாலோ, சீட் உயரம் அதிகம். சீட் கம்பியைத் தளர்த்தி இறுக்கும் சாவி ஒன்று இருந்தால் இவை தீரும்.

உள்ளங்கையில் எடை விழுகிறதா, கழுத்து இழுக்கிறதா, முழங்கையை மடக்க முடியாமல் கை விறைப்பாக நிற்கிறதா? முதலில் சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது மட்டமாக இருந்தும் அப்படியே என்றால் ஹேண்டில்பார் உங்களுக்குத் தூரம். "சீட்டை முன்னால் தள்ளிவிடலாம்" என்று கடையில் சொல்வார்கள். வேண்டாம். சீட்டின் முன்பின் நிலை முழங்காலுக்காக, கைக்காக அல்ல. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மை மாற்றினால் ஒன்றிரண்டு செ.மீ. கிடைக்கும். அதற்கு மேல் தேவைப்பட்டால் ஓர் அளவு சிறிய பிரேமைக் கேளுங்கள். என் கை மரத்துப்போனது இதனால்தான்.

இரண்டாவது சைக்கிளை அதே பாதையில், அதே சீட் உயரத்தில் ஓட்டுங்கள். அப்புறம் முதலாவதில் இன்னொரு முறை ஏறுங்கள். இந்த மூன்றாவது சவாரியில்தான் பெரும்பாலும் மனசு தெளிவாகும்.

முடிவு செய்துவிட்டீர்களா? சரி, சீட் கம்பியில் உங்களுக்கான சீட் உயரத்துக்கு நேராக ஒரு சின்ன டேப் ஒட்டி அளந்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளேயிருந்து வேறு ஒரு புது சைக்கிளை எடுத்துத் தந்தால், பிரேமில் உள்ள அளவும் நீங்கள் ஓட்டியதன் அளவும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.