அறுவடைப் பணம் வந்ததும் எந்தக் கடனை முதலில் அடைப்பது?

குறுவை நெல் புரட்டாசி, ஐப்பசியில் கொள்முதல் நிலையத்துக்குப் போகும். சம்பா தை, மாசியில். காவிரி டெல்டாவில் விவசாயத்தை நம்பிய வீடுகளுக்கு மொத்தமாகப் பணம் வருவது வருடத்தில் ஒன்றிரண்டு முறைதான். குறுவைப் பணம் வரும் நேரத்தில் தீபாவளியும் வாசலில் நிற்கும். எனவே எந்தக் கடனை அடைப்பது, நகையை மீட்பதா, சீட்டுப் போடுவதா என்பதையெல்லாம் பணம் வங்கிக் கணக்கில் ஏறும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

முதலில் எல்லா வட்டியையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். 'ரெண்டு வட்டி' என்பது நூற்றுக்கு மாதம் 2 ரூபாய். வருடத்துக்கு 24 சதவீதம். உரக்கடைப் பாக்கிக்கு வட்டி இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். ரொக்கத்துக்கு 1,200 ரூபாய்க்குத் தரும் பூச்சிமருந்தை நான்கு மாதக் கடனுக்கு 1,300 என்று எழுதினால், அது வருடத்துக்கு 25 சதவீதம். பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து (மொய்ப் பணம் திரட்டுவதற்காகவே வைக்கும் விருந்து) வைத்தவர்கள், யார் எவ்வளவு செய்தார் என்று எழுதிய மொய் நோட்டையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். வட்டியில்லாத கடன்தான், ஆனால் திருப்பிச் செய்யும் நாளைக் குறிப்பது நாம் அல்ல, அடுத்த வீட்டு விசேஷம்.

அடுத்து, கணக்கு சொல்லும் வழிக்கும் மனம் கேட்கும் வழிக்கும் உள்ள வித்தியாசத்தை ரூபாயில் எழுதுங்கள். சதவீதத்தில் பார்த்தால் பிடிபடாது. கையில் 50,000 இருக்கிறது. ரெண்டு வட்டிக்கு வாங்கியது 50,000, உரக்கடைப் பாக்கி 8,000 (கடன் விலை ஏற்கெனவே சேர்த்து எழுதியாகிவிட்டது, இனித் தாமதித்தாலும் ஏறாது என்று வைத்துக்கொள்வோம்), மச்சானிடம் வட்டியில்லாமல் வாங்கியது 7,000. கணக்குப்படி முழுப் பணமும் வட்டிக்கடனுக்குத்தான் போக வேண்டும். மனமோ கடைக்காரர் முகத்தில் விழிக்க முடியவில்லை, சின்னக் கடன் இரண்டையும் முடித்துவிடலாம் என்கிறது. அப்படிச் செய்தால் வட்டிக்கடனில் 15,000 நிற்கும். மாதம் 300, சம்பா அறுவடை வரை நான்கு மாதத்துக்கு 1,200 ரூபாய். அந்த 1,200-க்கு உரக்கடைக் கணக்கு நேராகி, சம்பாவுக்கு மேலுரம் தடையில்லாமல் கிடைக்கும், மச்சானோடு உறவும் கெடாது என்றால் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஆனால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளாமல் இதைச் செய்யக்கூடாது. வட்டிக்கு விடுபவர்களில் சிலர் அசலைப் பிரித்து வாங்க மாட்டார்கள். மொத்தமாகக் கொண்டுவா என்பார்கள். அப்படியானால் உங்கள் 35,000 கையிலேயே கிடக்கும், முழு 50,000-க்கும் வட்டி ஓடும். மாதம் 1,000, நான்கு மாதத்தில் 4,000. இந்த விலைக்கு மனதைக் கேட்கக்கூடாது. கடைக்காரரிடமும் மச்சானிடமும் தை வரை தவணை சொல்லிவிட்டு வட்டிக்கடனை முடியுங்கள்.

நமது பழக்கம் என்ன என்பதைத் தீர்மானத்தைக் கொண்டு அளக்க வேண்டாம், பாஸ்புக்கைக் கொண்டு அளக்கவும். கடந்த இரண்டு அறுவடைப் பணமும் ஏறிய தேதியில் தொடங்கி ஒரு மாதம் வரை உள்ள வரிகளை எடுத்துப் பாருங்கள். 2,000, 3,000 என்று ஏ.டி.எம். வரிகள் அடுத்தடுத்து இருந்தால், இந்த முறையும் அப்படித்தான் நடக்கும் என்று வைத்தே திட்டமிட வேண்டும்.

நகைக்கடனில் இது தெளிவாகத் தெரியும். ஒரு லட்சம் ரூபாய் நகைக்கடன் 9 சதவீதத்தில் இருக்கிறது, சேமிப்புக் கணக்கில் 3 சதவீதத்தில் 40,000 கிடக்கிறது. அதை நகைக்கடனில் கட்டாமல் வைத்திருப்பதற்கு வருடத்துக்கு 2,400 ரூபாய் நஷ்டம். அதே நேரம் கையில் காசில்லாத மாதத்தில் ஆஸ்பத்திரிச் செலவு வந்து மூணு வட்டிக்கு 20,000 வாங்கினால் நான்கு மாத வட்டியும் அதே 2,400. அதனால் 15,000 முதல் 20,000 வரை ஒதுக்கிவிட்டு, மீதியை அசலில் கட்டுவதுதான் எங்கள் பரிந்துரை. ஒதுக்கியதை ஏ.டி.எம். அட்டை இல்லாத வேறொரு கணக்கில் போடுங்கள். வருடம் முடிந்ததும் வட்டியைக்கூடக் கட்டாமல் அசலோடு சேர்த்து மறு அடகு எழுதுவதுதான் நகை கைவிட்டுப் போகும் வழி. அப்படி எழுத இடம் கொடுத்தால், அடுத்த வருடம் 9 சதவீதம் 1,09,000-க்கு ஓடும்.

ஏலச்சீட்டுக்கும் இதே அளவுதான். 20 மாதம், ஒரு லட்சம் சீட்டு. கழிவு (ஏலத் தள்ளுபடியில் நம் பங்கு) போக மொத்தம் 88,000 கட்டி, கடைசியில் கமிஷன் போக 95,000 எடுத்தால் வருடத்துக்குச் சுமார் 10 சதவீதம் வரும். மாதாமாதம் கட்டும் வங்கி ஆர்.டி.யில் 6.5 சதவீதம் என்றால் 4,500 ரூபாய், சீட்டில் 7,000. மாதாமாதம் ஆள் வந்து கேட்டால்தான் கட்டுவேன் என்பவர்களுக்குச் சீட்டு உண்மையிலேயே உதவும். ஆனால் அந்த 2,500 கூடுதலுக்காகப் பணயம் வைப்பது 88,000. ஆகவே 1982-ம் வருடச் சட்டப்படி பதிவான சீட்டா என்று எண்ணைக் கேட்டு, பதிவுத்துறை அலுவலகத்தில் சரிபார்த்த பிறகே சேருங்கள். முதல் மாதங்களிலேயே ஏலத்தில் தள்ளுபடி விட்டுச் சீட்டை எடுப்பவருக்கு அது கடன், சேமிப்பு அல்ல.

கடைசியாகக் கூட்டுறவு சங்கப் பயிர்க்கடன். தவணைத் தேதிக்குள் கட்டினால் வட்டி கிடையாது என்பதால், கணக்குப்படி அதைக் கடைசி வாரத்தில்தான் கட்ட வேண்டும். பாஸ்புக்கில் ஏ.டி.எம். வரிகள் நிறைய இருப்பவர்கள் மட்டும் காத்திருக்காமல், பணம் ஏறிய வாரமே கட்டிவிடுங்கள். ரசீதில் கடன் எண், தேதி, அசல் மூன்றும் சரியா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள்.