பின்கோடைக் காரணிப்படுத்தும்போது சறுக்கும் இடங்கள்

கோவை 641001, ஈரோடு 638001, திருப்பூர் 641601. தபால்காரருக்கு இவை முகவரி. பெரிய எண்களைப் பிரித்துப் பழகுகிறவர்களுக்கு நல்ல தீனி.

மூன்றும் 1-ல் முடிவதால் பகா எண் போலத் தெரியும். இலக்கங்களைக் கூட்டுங்கள்: 12, 18, 18. மூன்றுமே 3-ஆல் வகுபடும்.

பலர் சறுக்குவது அடுத்த கட்டத்தில். கோவை எண்ணை 3-ஆல் வகுத்தால் 213667. அப்புறம் 7, 11, 13, 17 என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, 30-ஐத் தாண்டும்போது சலித்துப்போய் 'இது பகா எண்தான்' என்று எழுதிவிடுவார்கள். இன்னும் கொஞ்சம் போயிருந்தால் 43 சிக்கியிருக்கும்: 43 × 4969. வர்க்கமூலம் வரை பார்க்காமல் பகா எண் என்று முடிவுகட்டக் கூடாது. 213667-க்கு அது 462-ஐத் தாண்டும். அதற்கு மேலே போவதும் வீண் வேலை. 4969-க்கு 67 வரை பார்த்தால் போதும். எதுவும் வகுக்காது, அது பகா எண்ணேதான்.

641001 = 3 × 43 × 4969 என்றதும் 'மூன்று காரணிகள்' என்று சொல்லிவிடாதீர்கள். அவை பகாக் காரணிகள். மொத்தக் காரணிகள் எட்டு, 1-ம் அந்த எண்ணும் சேர்த்து. ஈரோட்டில் இன்னொரு பள்ளம் உண்டு: 638001 = 3² × 7 × 13 × 19 × 41. ஐந்து பகா எண்கள், ஆகவே 2-ஐ ஐந்து முறை பெருக்கி 32 என்பார்கள். அடுக்கோடு ஒன்று கூட்டித்தான் பெருக்க வேண்டும்: 3 × 2 × 2 × 2 × 2 = 48.

திருப்பூர்தான் எனக்குப் பிடித்தது. 641601 என்பது 801-ன் வர்க்கம்! காரணிகளை ஜோடி ஜோடியாக எண்ணுகிறவர்கள் 801-ஐ இரண்டு தடவை சேர்த்து 16 என்பார்கள். சரியான விடை 15. (இதில் ஊருக்கு அதிர்ஷ்டம் எதுவும் இல்லை, எண் ஜோதிடர்கள் மன்னிக்கவும்.)

காரணிகளின் கூட்டுத்தொகை எண்ணைவிடக் கூடுதலா, குறைவா என்று பார்க்கும்போது அந்த எண்ணையே சேர்த்துவிடுவதும் வழக்கமான தவறு. ஈரோட்டின் 48 காரணிகளையும் கூட்டினால் 12,23,040. எண்ணைக் கழித்தால் 5,85,039 தான், 6,38,001-ஐ எட்டவில்லை. அதற்காக, ஒற்றைப்படை எண் எதுவுமே எட்டாது என்றும் நினைக்க வேண்டாம்: 945-ன் மற்ற காரணிகளைக் கூட்டினால் 975.

நாலைந்து உதாரணம் பார்த்துவிட்டு விதி எழுதுவதில் பெரிய ஆட்களும் சறுக்கியிருக்கிறார்கள். 3, 5, 17, 257, 65537 பகா எண்கள் என்பதால், அதே வரிசையில் (ஒன்றைக் குறைத்து, வர்க்கமாக்கி, ஒன்று கூட்டினால் அடுத்தது வரும்) அடுத்த 4294967297-ம் அப்படித்தான் என்று 17-ஆம் நூற்றாண்டில் கணிதமேதை ஃபெர்மா நம்பினார். 1732-ல் இன்னொரு கணிதமேதை ஆய்லர் அதை உடைத்தார். அதன் பகாக் காரணி எதுவானாலும் 64-ன் மடங்கோடு 1 கூட்டியதாகவே இருக்கும். அப்படிப்பட்ட பகா எண்களில் 193, 257, 449, 577 ஆகியவை வகுக்காது. ஐந்தாவதாக வருவது வகுக்கும்: கோவை பின்கோட்டின் முதல் மூன்று இலக்கம், 641.