கொந்தரப்பு ஆட்கள் ஸ்டோருக்குள் வருமுன்: பாதுகாப்புச் சரிபார்ப்பும் விபத்து அறிக்கையும்

ஸ்டோரின் (தேயிலைத் தொழிற்சாலையின்) கூரைத் தகடு மாற்ற, டிரையருக்கு வெல்டிங் வைக்க, பின்பக்கத்து மண்மேட்டை வெட்டி மதில் கட்ட, லயத்தின் (தொழிலாளர் வீட்டு வரிசையின்) பக்கம் சாய்ந்து நிற்கும் டர்பன்டைன் மரத்தை இறக்க. தோட்டத்தில் கொந்தரப்புக்கு (ஒப்பந்தத்துக்கு) விடும் வேலைகளில் பெரும்பாலானவை தோட்டத்து ஆட்களே செய்யத் தயங்குபவை. செய்ய வருகிறவருக்கோ இடம் புதிது. எந்தச் சுவிட்ச் எந்த இயந்திரத்துக்கு, எந்தத் தகடு உக்கிப்போயிருக்கிறது, எந்த மேடு போன மழையில் வெடித்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவர் ஸ்டோரை நடத்தும் டீமேக்கரோ தோட்டப் பிரிவைப் பார்க்கும் டிவிஷன் கண்டக்டரோதான். சரிபார்ப்புத் தாள் அந்தப் பேச்சை நடக்க வைப்பதற்காகவே இருக்கிறது. ஒப்பீஸ் மேசையில் உட்கார்ந்து நிரப்பினால் அது பைலை மட்டுமே காப்பாற்றும்.

கொந்தரப்புக் கடிதம் கொடுக்குமுன்

வேலை செய்யப்போகும் ஒவ்வொருவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், வயது ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். 18 வயதுக்குக் குறைந்தவரைக் கூரை, குழி, மரம், மின்சாரம் எதிலும் விடக்கூடாது. ஊழியர் சேமலாப நிதி இலக்கம் உண்டா என்று கேளுங்கள். காப்புறுதிப் பத்திரத்தின் முதல் பக்கத்தோடு நிற்காதீர்கள்: திகதி முடிந்திருக்கிறதா, எந்த வகை வேலைக்கு எடுத்தது, எத்தனை பேருக்கு என்ற மூன்றையும் பாருங்கள். பெயின்ட் அடிக்க எடுத்த காப்புறுதியோடு கூரையேற வருபவர்கள் உண்டு.

‘அவர் கொந்தரப்புக்காரரின் ஆள், நமக்கென்ன’ என்ற பேச்சு சட்டத்தின் முன் நிற்காது. இலங்கையின் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, உங்கள் தொழிலின் பகுதியான வேலையைக் கொந்தரப்புக்கு விட்டாலும் நட்டஈட்டுக் கோரிக்கை உங்கள் வாசலுக்கு வரலாம். அதைவிடச் சிக்கலானது, வேலையை எடுத்தவர் அதை இன்னொரு பாஸிடம் (மேசன் போன்ற கைவேலைக்காரரிடம்) தள்ளிவிட்டு, அந்தப் பாஸ் பக்கத்து லயத்துப் பையன்களை நாட்சம்பளத்துக்குக் கூட்டி வருவது. ‘எழுத்து மூல அனுமதியின்றி வேலையைக் கைமாற்றக் கூடாது’ என்ற வரி கடிதத்தில் இருக்கட்டும். காலையில் பெயர்ப்பட்டியலோடு தலைகளை எண்ணிப் பாருங்கள்.

விலைக் கேள்வியில் பாதுகாப்புப் பெல்ட், பலகை, முட்டு மரம் ஆகியவற்றுக்குத் தனி வரி கேளுங்கள். இல்லாவிட்டால் மிகக் குறைந்த விலை சொன்னவர் அவற்றைத்தான் வெட்டியிருப்பார்.

தாளை எப்படி எழுதுவது

‘ஏணி நல்ல நிலையில் உள்ளதா?’ என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சரி போட்டுவிடலாம். ‘ஏணியின் நீளம் எத்தனை அடி? அடிப்பாகம் சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கிறது? மேலே எதில் கட்டியிருக்கிறது?’ என்று கேட்டால் போய்ப் பார்க்காமல் எழுத முடியாது. நான்கு அடி உயரத்துக்கு ஓரடி தள்ளி வைக்க வேண்டும். ஏறி இறங்கும் விளிம்புக்கு மேலே மூன்று அடி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். தாளில் எண் இருந்தால், அடுத்து பார்ப்பவர் அந்த எண் சரியா என்று சொல்லிவிடுவார்.

ஒரு வேலைக்கு ஒரு பக்கம், பத்துக் கேள்விக்கு மேல் வேண்டாம். தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். வெளியூர் பாஸுக்குத் தமிழ் வராது, மண் அள்ளும் பையனுக்குச் சிங்கள எழுத்து வாசிக்க வராது, இருவரும் ஆங்கிலத் தாளில் கையெழுத்து வைத்துவிட்டுப் போவார்கள். கையெழுத்தை வேலை நடக்கும் இடத்தில் நின்றே வாங்குங்கள். ஒவ்வொரு நாள் காலையிலும் புதுத் தாள். நேற்றைய தாளுக்கு இன்றைய மழை தெரியாது.

மண்மேடு

மலையகத்தில் மதில் கட்ட அடி வெட்டும்போது மேடு சரிந்து ஆள் போவது திரும்பத் திரும்ப நடக்கிறது. ஒரு கன மீற்றர் மண் ஒன்றரைத் தொன்னுக்கு மேல் இருக்கும். இடுப்புவரை மூடினாலே ஒருவர் தானாக வெளியே வர முடியாது. நெஞ்சுவரை மூடினால் மூச்சு விடவே விடாது.

தவறு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. மதிலின் முழு நீளத்துக்கும் அடியை ஒரேயடியாக வெட்டித் திறந்துவிட்டு, கல்லும் சீமெந்தும் வரும்வரை மேட்டைத் தாங்கலில்லாமல் விடுவார்கள். அப்படிச் செய்யக்கூடாது. பத்தடி நீளம் வெட்டி, அத்திவாரம் போட்டு, மதிலை எழுப்பி, பின்பக்கத்தை நிரப்பிவிட்டு, நடுவே ஒரு துண்டை வெட்டாமல் விட்டு அடுத்த பத்தடிக்குப் போக வேண்டும். மேட்டைச் செங்குத்தாக நிறுத்தாமல் சாய்வாகச் சீவுங்கள். அடியைக் குடைந்து மேல்பாகத்தைத் தானாக விழவிடும் ‘சுருக்கு வழி’யை ஒருவர் தொடங்கினாலே வேலையை நிறுத்துங்கள். நான்கடிக்கு மேல் ஆழமான குழியில் இறங்க ஏணி வேண்டும், பக்கத்துக்கு முட்டு வேண்டும். அள்ளிய மண்ணை விளிம்பிலிருந்து குறைந்தது இரண்டடி தள்ளிக் கொட்டுங்கள். மேலே உள்ள காணின் (வடிகாலின்) தண்ணீர் வெட்டிய இடத்துக்குள் இறங்காதபடி திருப்பிவிடுங்கள்.

மேட்டின் தலையில் ஒரு வெடிப்புக் கோடு தெரிந்தால் இருபுறமும் ஒவ்வொரு முளை அடித்து, இடைவெளியை அளந்து தாளில் எழுதுங்கள். மறுநாள் ஒரு விரற்கடை கூடியிருந்தாலும் கீழே யாரும் இறங்கக்கூடாது.

மழைக்கு ஒப்பீஸின் மழைமானியைப் பயன்படுத்துங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு வைத்திருக்கும் மழை அளவுகள்: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 என்றாலோ வெளியேற்றம். அங்குலத்தில் குறிக்கும் தோட்டங்களுக்கு 75 என்பது மூன்று அங்குலம். ஆனால் இவை இயல்பான சரிவுகளுக்கானவை. புதிதாக வெட்டிய மேடு அதைவிடக் குறைந்த மழைக்கே இறங்கிவிடும். ஆகவே 75 ஆகவில்லையே என்று யாரையும் இறக்காதீர்கள். இரவு நல்ல மழை பெய்திருந்தால், மேடு பார்க்கப்படும்வரை வேலையில்லை.

கூரை, வெல்டிங், மரம்

அஸ்பெஸ்டஸ் தகடு முன்னறிவிப்பின்றி உடையும். வெளிச்சத்துக்காகப் போட்ட தகடுகள் பெயின்ட் பட்டோ பாசி பிடித்தோ மற்றவற்றைப்போலவே தெரியும், அவை எங்கே என்று கொழுந்து வாட்டும் மாடியிலிருந்து அண்ணாந்து பார்த்துக் கூரை வரைபடத்தில் குறியுங்கள். தகட்டின் மேல் நேராக நடக்காமல், இரண்டு குறுக்குச் சட்டங்களுக்காவது எட்டும் பலகையில்தான் நடக்க வேண்டும். பெல்ட்டின் கொக்கியைப் பீலியில் (கூரைத் தண்ணீர் வடியும் தகட்டில்) மாட்டுவது மாட்டாததற்குச் சமம். பனி காயும்வரை ஏற விடாதீர்கள். மேலே ஆள் நிற்கும்போது கீழே கொழுந்து வாட்டும் வேலை நடக்கக் கூடாது.

ரோலர், வாட்டும் தொட்டியின் காற்றாடி, கன்வேயர் போன்றவற்றில் கை வைக்குமுன் மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டு போடுங்கள். சாவி வேலை செய்பவரின் பையில் இருக்க வேண்டும். இருவர் என்றால் இரண்டு பூட்டு. ‘கீழே சொல்லிவிட்டேன்’ என்பது பூட்டாகாது, ஷிப்ட் மாறும்போது சொன்னவரும் போய்விடுவார். கையில் பிடிக்கும் மின்கருவிகளுக்கு 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் வழியாகவே மின்சாரம்.

வெல்டிங்கின் பொறி உத்தரத்தில் படிந்த தேயிலைத் தூசியில் விழுந்து, எல்லோரும் வீட்டுக்குப் போனபின் புகையத் தொடங்கும். வெல்டிங் இடத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் 35 அடி தூரம்வரை தூசியைக் கூட்டி அள்ளுங்கள். வேலை முடிந்தபின் ஒரு மணித்தியாலம் தண்ணீர் வாளியோடு ஒருவரைக் காவலுக்கு நிறுத்துங்கள், அவருக்கு அந்த மணித்தியாலச் சம்பளமும் கொடுங்கள்.

மரம் வெட்டுவதற்கு முந்தின நாளே கீழிருந்து குளவிக்கூடு தேடுங்கள். செயின் சோவின் அதிர்வுக்குக் குளவி கலைந்தால் வெட்டுபவரைவிட அடுத்த மலையில் கொழுந்து பறிப்பவர்களுக்குத்தான் அடி. அன்றைக்கு அந்த மலைக்கு ஆள் போடாதபடி கங்காணிக்குப் பிரட்டிலேயே (காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் இடத்திலேயே) சொல்லுங்கள். மரத்தின் உயரத்தைப்போல் இருமடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. சரிவில் கீழ்ப்பக்கம் முழுவதும் வெறுமையாக இருக்க வேண்டும், கட்டை உருளும்.

அறிக்கை

கொந்தரப்பில் வேலை முடித்தால்தான் காசு. எதையாவது சொல்லப் போனால் வேலை நிற்கும், நின்றால் கூலி நிற்கும், ஆகவே யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ‘பாதுகாப்புக்காக நிறுத்திய நேரத்துக்கு நாட்கூலி உண்டு’ என்று கடிதத்திலேயே எழுதுங்கள். பிறகு பாருங்கள், தலைக்குப் பக்கத்தில் விழுந்த ஓடும் வழுக்கிய ஏணியும் பதிவேட்டுக்கு வரும். எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லட்டும், கணக்குப்பிள்ளை எழுதட்டும். எங்கே, எத்தனை மணிக்கு, என்ன நடந்தது, யார் பார்த்தது, உடனே என்ன செய்தோம் என்ற ஐந்தும் போதும். ‘கவனக்குறைவு’ என்று காரணம் எழுதினால் திருப்பி அனுப்புங்கள். கால் வழுக்கியது ஏன்? பாசி. பாசி ஏன்? பீலி ஒழுகுகிறது. அதை எழுதட்டும்.

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ், ஸ்டோரில் உயிர் போனாலோ, காயம்பட்டவர் மூன்று நாட்களுக்கு மேல் தன் வழக்கமான வேலையில் முழுச் சம்பளம் உழைக்க முடியாமல் போனாலோ, தொழில் திணைக்களத்தின் மாவட்டத் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். கொந்தரப்பு ஆட்களில் இது தவறிப்போகும் வழி தெரிந்ததே: கையில் கொஞ்சம் பணம் கொடுத்து, காயக்காரரை அன்றே ஊருக்கு பஸ் ஏற்றிவிடுவார்கள். நான்காம் நாள் அவர் படுத்திருப்பது இங்கே யாருக்கும் தெரியாது. ஆகவே காயம்பட்ட ஒவ்வொருவரின் தொலைபேசி இலக்கத்தையும் வாங்கி, நான்காம் நாள் காலை நீங்களே அழைத்து, கிடைத்த பதிலைப் பதிவேட்டில் எழுதுங்கள்.

பெரிய விபத்தென்றால் ஆளை மீட்கத் தேவையானதைத் தவிர எதையும் நகர்த்தாதீர்கள், படம் எடுங்கள். 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைக்கும்போதே கொழுந்து லொறியையும் தயாராக நிறுத்துங்கள். மலைப்பாதையில் எது முந்தும் என்று சொல்ல முடியாது. சிக்னல் கிடைக்கும் இடத்தைக் காலைத் தாளிலேயே குறித்துவையுங்கள்.

பதிவேட்டில் எழுதிய ஒவ்வொரு குறைக்கும் எதிரே செய்ய வேண்டியவரின் பெயரும் திகதியும் இருக்கட்டும். கடைசி பில் கையெழுத்துக்கு வரும்போது பதிவேட்டையும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு வரி திறந்திருந்தாலும் பில் மேசையிலேயே கிடக்கட்டும்.