காதல் கதை ஏன் இழுக்கிறது? வாலிபர் கூட்டத்தில் ரூத்தை வாசிக்கும் முறை

சினிமாக் காதலைத் திட்டி ஆரம்பிக்கும் வாலிபர் கூட்டம் ஐந்தாவது நிமிடத்திலேயே படுத்துவிடும். காதல் கதை பிள்ளைகளைப் பிடித்து உட்கார வைக்கிறதென்றால் காரணம் இருக்கிறது. என்னை ஒருவர் வேண்டும் என்று கேட்க வேண்டும், என் குறை தெரிந்த பிறகும் விட்டுப் போகக்கூடாது என்ற ஏக்கம் அது. அந்த ஏக்கத்தை வைத்தவர் தேவன். மனிதன் வாயிலிருந்து வேதம் முதன்முதலாக எடுத்துச் சொல்லும் பேச்சே மனைவியைக் கண்ட சந்தோஷம்தான் (ஆதியாகமம் 2:23). தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சியில் கிறிஸ்துவின்மேல் மையல்கொண்ட பெண்ணைப் பாடியதும் இந்த நரம்பைத் தொட்டுத்தான்.

அதனால் கதையிலிருந்தே தொடங்குங்கள். பழைய ஏற்பாட்டில் வரும் ரூத்தின் புத்தகம் 4 அதிகாரம், 85 வசனம். கணவனை இழந்த மோவாபியப் பெண் ரூத், மாமியார் நகோமியோடு பெத்லகேமுக்கு வந்து, கதிர் பொறுக்கப் போன வயலின் சொந்தக்காரன் போவாஸை மணக்கும் கதை. சத்தமாக வாசிக்க ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். கூட்டத்துக்கு 75 நிமிடம் ஒதுக்குங்கள். நகோமி, ரூத், போவாஸ், கதை சொல்பவர் என்று நான்கு குரல் போதும். தரங்கம்பாடியில் ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்க் 1719-ல் இறப்பதற்குமுன் பழைய ஏற்பாட்டில் மொழிபெயர்த்து வந்தது இந்தப் புத்தகம் வரைதான் என்பதையும் ஒரு வரி சொல்லிவிடலாம்.

டெல்டா சபைகளுக்குத் தை, மாசி சம்பா அறுவடை நல்ல சமயம். அரி (அறுத்துப் போட்ட கதிர்க் கற்றை), களம், அம்பாரம் (தானியக் குவியல்) எல்லாம் நம் வயல் பேச்சு. ஆனால் மெஷின் அறுப்பைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அரி என்றால் தெரியாது. அறுப்புக்குப் போய்ப் பழகிய பாட்டி ஒருவரை அழைத்து, அரி போட்டதையும் சிந்திய கதிர் பொறுக்கியதையும் ஐந்து நிமிடம் சொல்லச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு ரூத் 2:16-ஐ வாசியுங்கள். ஓரக் கதிரை ஏழைக்கு விடச் சொன்னது லேவியராகமம் 19:9. போவாஸ் அதோடு நிற்கவில்லை. அரியிலிருந்தே வேண்டுமென்று சிந்தவிடச் சொல்கிறான். அன்று சாயங்காலம் அவள் தட்டி எடுத்தது ஒரு மரக்கால். மூலத்தில் ஒரு எப்பா, அதாவது ஏறக்குறைய 22 லிட்டர். 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை நடுவில் வையுங்கள். போவாஸின் மனசு எப்படி என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

மூன்றாம் அதிகாரத்தை வெட்கப்பட்டுத் தாண்டாதீர்கள். இரவில் களத்தில் படுத்திருக்கும் போவாஸிடம் ரூத் போய், தன்னை மணக்கச் சொல்லிக் கேட்கும் இடம் அது. தாண்டினால் கதையின் உயிர் போய்விடும். 2:12-ல் கர்த்தருடைய ‘செட்டை’ என்று வருவதும், 3:9-ல் போவாஸின் ‘போர்வை’ என்று வருவதும் எபிரெயத்தில் ஒரே சொல், கானாஃப். தமிழில் இது கண்ணுக்குத் தெரியாது. பலகையில் எழுதிக் காட்டுங்கள். 2:12-ல் தனக்காகப் போவாஸே ஜெபித்த அடைக்கலத்தை அவன் கையாலேயே கொடு என்று ரூத் கேட்கிறாள்.

நான்காம் அதிகாரம் நிலப் பேச்சு. இதை விளக்கவே வேண்டாம், நம்மூர்ப் பிள்ளைகளுக்கு உடனே புரியும். இறந்தவனின் நிலத்தை மீட்கும் முதல் உரிமை போவாஸைவிடக் கிட்டின ஓர் உறவுக்காரனுக்கு. நிலம் என்றதும் அவன் சரி என்கிறான். மோவாபியப் பெண்ணும் கூட வருவாள் என்றதும் தன் சொத்து கெடும் என்று பின்வாங்குகிறான். மீட்கிறவனுக்குச் செலவு உண்டு. எபேசியர் 5:25-ஐ, கிறிஸ்து சபைக்காகத் தம்மையே கொடுத்ததை, இங்கேதான் வாசிக்க வேண்டும். முன்னாலேயே வாசித்தால் பிரசங்கமாகிவிடும்.

வழக்கமாக மூன்று இடத்தில் பிசகும். “உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம்” என்பதைக் கணவனிடம் சொன்னதுபோல் கல்யாணப் பத்திரிகையில் போடுகிறார்கள். அது மருமகள் மாமியாரிடம் சொன்னது. ஒழுங்காக இருந்தால் போவாஸ் கிடைப்பான் என்று பெண்பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்கிறார்கள். புத்தகம் அப்படிக் கொடுக்கவில்லை. ஜாதிக் கேள்வி வந்ததும் பேச்சை மாற்றுகிறார்கள். அது மிகப் பெரிய தவறு. உபாகமம் 23:3 சபைக்கு வெளியே நிறுத்திய மோவாபியப் பெண்ணை மத்தேயு 1:5 இயேசுவின் வம்ச அட்டவணையில் வைக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துவிட்டு, பிள்ளைகளைப் பேச விடுங்கள்.

கூட்டம் முடிந்தபின் யாராவது தயங்கித் தயங்கி நிற்பார்கள். நாற்காலி அடுக்குவதை நிறுத்திவிட்டு, மற்றவர்கள் கண்ணில் படுகிற இடத்திலேயே, ஆனால் காது எட்டாத தூரத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் சொன்னதை அடுத்த ஞாயிறு ஜெபக் குறிப்பாக மைக்கில் வாசித்துவிடாதீர்கள்.